ஏரியின் கலங்கலும் இல்லறத்தார் விரதமும்



மழைக்காலத்து நான்கு மாதங்களில் நம் முனிவர்கள் ஊர்விட்டு ஊர் செல்வதில்லை. ஓரிடத்தே தங்கித் தவமும் அறவுரையும் ஆற்றுவர். சாதுர்மாசியம் என்னும் இந்நியமத்திற்குக் காரணம் கேட்டால் பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லிவிடும். மழை பெய்தால் புல்லும் பூச்சியும் பெருகும், நடந்தால் மிதிபடும். அவ்வளவே விடை. ஆனால் அச்சிறு விடையில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. நீரின்மை என்னும் ஒரு தடை நீங்கிய மாத்திரத்தில் உயிர்த்தொகை பெருகிவிடும் என்பது ஒன்று. பிற உயிர்கள் பெருகும் காலத்தில் அறிவுடைய உயிர் தன் நடையைத் தானே சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது இயற்கை நூல், பின்னது அறநூல். (நம் தொண்டை நாட்டில் பெருமழை கொட்டுவது சாதுர்மாசியம் முடியும் தறுவாயில், ஐப்பசி கார்த்திகையில்தான். ஆகவே இங்குள்ள இல்லறத்தார், முனிவர் புறப்பட்டுப் போன பின்பும் விளக்கடியில் விழும் ஈசல்களைக் கருதி நடப்பதே முறை.)

இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து ஆராய்வதே இன்றைய நம் நோக்கம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பாடப்புத்தகம் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள நிலப்பரப்பு. இன்று அப்பக்கம் போவோர் கண்ணுக்குத் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் லாரிகளுமே தென்படும். ஆனால் அந்நிலத்தை முதலில் வகுத்தவர்கள் ஏரி வெட்டியவர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, அவற்றிற்குக் கீழே கடல் போலப் பரந்த செம்பரம்பாக்கம் ஏரி என ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்தவை அவை.

ஏரி என்பது வெறும் குழியன்று. அதற்குக் கரை உண்டு, மதகு உண்டு, வரத்துக்கால் உண்டு. இவை எல்லாவற்றையும்விட இன்றியமையாத கலங்கல் உண்டு. கரையின் ஓரிடத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டப்பட்ட வழிதான் கலங்கல். நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் மேற்கொண்டு ஏறாது வழிந்து வெளியேறும். வெளியேறிய நீர் வீண் போவதில்லை. அடுத்த ஏரிக்கு அதுவே வரவு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்திற்குச் செல்வது இவ்வாறுதான். செம்பரம்பாக்கமும் 24 அடிக்கு மேல் கொள்ளாது. கலங்கலை மறவாமல் நினைவில் வையுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

இனி ஏரிக்குள் வாழும் உயிர்களைக் காண்போம். கோடையில் வெடித்துக் கிடந்த படுகையில் முதல் மழைநீர் நின்றதும் தவளை முட்டையிடுகிறது. கொட்டியும் அல்லியும் கிழங்கிலிருந்து துளிர்க்கின்றன. கெண்டை ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. இவையனைத்தும் பிழைத்து, அவற்றின் குஞ்சுகளும் பிழைத்துப் பெருகினால், சில ஆண்டுகளில் ஏரியில் நீருக்கு இடமிராது, மீனே நிறைந்திருக்கும். அப்படி எங்கும் நிகழ்வதில்லை. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு இதனை விளக்கும்போது நாம் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைவதுண்டு. பெல்ஜிய நாட்டு வெர்ஹுல்ஸ்ட் என்பார் 1838இல் கணக்கிட்டுச் சொன்ன கோடு அது. முதலில் மெல்ல ஏறும். பிறகு செங்குத்தாக ஏறும். ஓர் உயரத்தை அணுகியதும் தலைசாய்ந்து சமமாக ஓடும். அந்த உயரத்திற்குத் தாங்குதிறன் என்று பெயர். ஓரிடம் ஓர் உயிரினத்தை எத்துணைத் தொகை வரை தாங்குமோ அத்துணையே அதன் அளவு.

அவ்வளவை முடிவு செய்வது எது? இங்கேதான் மாணவியர் வழக்கமாகத் தடுமாறுவர். உணவு, நீர், காற்று, இடம், வெயில் என எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வர். உண்மையில் அவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே முடிவு செய்கிறது. ஜெர்மானிய வேதியியலார் லீபிக் 1840இல் பயிர்களைப் பற்றி எழுதியபோது இதனைப் பரவலாக அறியச் செய்தார். மணிச்சத்துக் குறைந்த வயலில் தழைச்சத்தை எத்துணைக் கொட்டினாலும் நெல் கூடுதலாக விளையாது. நம் ஊர் உழவர்க்கு இதனை ஏரிக்கரையைக் காட்டியே விளக்கிவிடலாம். கரை பத்து இடங்களில் உயர்ந்திருந்து ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருந்தால், நீர் நிற்பது அந்தத் தாழ்ந்த இடத்தின் மட்டத்தில்தான்.

மீனுக்கு அந்தத் தாழ்ந்த இடம் பல ஏரிகளில் உணவன்று, மூச்சு. பகலில் நீர்த்தாவரங்கள் உயிர்க்காற்றை நீரில் விடுகின்றன. இரவிலோ அவையும் அதனையே உட்கொள்கின்றன. ஆகையால் விடியலுக்குச் சற்று முன்னர் நீரில் உயிர்க்காற்று மிகவும் குறைந்துவிடும். கோடை விடியலில் ஏரிக்கரையில் நின்றவர்கள் கெண்டைகள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளப்பதைக் கண்டிருப்பர். நண்பகலில் ஏரி எவ்வளவு வளமாயினும் அதனால் பயனில்லை. அந்த ஒரு நாழிகை தாங்கும் அளவே மீனின் அளவு. விராலும் கெளுத்தியும் மேலே வந்து வெளிக்காற்றையும் உண்ண வல்லவை. அவற்றின் எல்லை வேறிடத்தில் உள்ளது.

நாரைக்கு எல்லை மரம். வயல்களில் நத்தை நிறையக் கிடந்தாலும், கூடு வைக்க மரமில்லாத ஏரியில் நத்தைக்குத்தி நாரை பெருகாது. ஒரகடத்திற்குத் தெற்கே, நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உள்ள வேடந்தாங்கல் இதற்குச் சான்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உள்ள சிறிய ஏரி அது. நீரில் நிற்கும் கடம்பமும் கருவேலும் பறவைகளுக்குக் கூடு தருகின்றன. மரத்தடியில் நிற்கும் நீர் பூனையையும் நரியையும் தடுக்கிறது. பருவமழை பொய்த்து மரத்தடியில் நீர் நில்லாத ஆண்டில் மரம் இருந்தும் பறவைகள் கூடு கட்டுவதில்லை. அவ்வாண்டின் தாழ்ந்த இடம் மரமன்று, நீர். ஆண்டுக்கு ஆண்டு எல்லை இடம் மாறும் என்பதனை இங்கே கண்டுகொள்க.

இவ்வெல்லைகளுள் ஒருவகை, தொகை கூடக்கூட இறுகுவது. உணவும் கூடும் நோயும் இவ்வகை. மற்றொருவகை, தொகையைக் கேளாமல் வருவது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிறைந்து அடையாற்றில் வெள்ளம் பெருகியபோதும், 2019 கோடையில் அதே ஏரியின் படுகை பாளம் பாளமாக வெடித்தபோதும், அங்கிருந்த மீன் ஆயிரமா நூறாயிரமா என்று வெள்ளமும் கேட்கவில்லை, வறட்சியும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். ஆயிரம் முட்டையிட்டு இரண்டு பிழைக்கின்றனவெனில் மற்றவை எல்லாம் கொலையுண்டும் பட்டினியாலும் மாய்கின்றன. அவ்வாறாயின் இயற்கை என்பதே இம்சைதானே? அதன் நடுவே நம் அகிம்சைக்கு என்ன பொருள்?

இயற்கையே அகிம்சையைப் போதிக்கிறது என்று இனிமையாகச் சொல்வோர் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. நாரை மீனுக்கு அருளுவதில்லை. பிறவிச் சுழல் துன்பமயமானது என்று நம் ஆகமங்கள் வற்புறுத்தும்போது, அதை அழகிய பூங்காவாக வருணிப்பது பொருந்தாது. ஆனால் கொல்லும் உயிர் இல்லாத இடத்தில் சாவு குறையும் என்று எண்ணுவதும் பொருந்தாது. வடகடலில், அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில், செயின்ட் மேத்யூ என்றொரு தீவு உண்டு. 1944இல் அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டனர். ஓநாய் இல்லை, வேடர் இல்லை, தரையெங்கும் கற்பாசி மெத்தை. 1963இல் மான்கள் 6,000 ஆயின. கற்பாசியோ வளர்வதற்குப் பல்லாண்டு பிடிக்கும் உணவு, மேய்ந்து தீர்ந்துவிட்டது. அடுத்து வந்த கடுங்குளிரில் மந்தை மாண்டது. 1966இல் எண்ணியபோது எஞ்சியவை 42. கொல்வாரே இல்லாத தீவில் நிகழ்ந்த சாவு இது. அறிவியலார் இதனை வளைகோட்டின் மீறல் என்பர். தாங்குதிறனைத் தாண்டி ஏறிய தொகை, தாங்குதிறனையும் அழித்துவிட்டுக் கீழே விழுகிறது. மானுக்கு வினைப்பயன் பேசுவது நம் வேலையன்று. மானை அங்கே விட்டவர் யார் என்பதே நம் கேள்வி.

எல்லையை நீக்கும் கை மனிதனுடைய கை. இதற்குத் தீவுக்குப் போக வேண்டுவதில்லை. ஆகாயத்தாமரை மூடிய எந்த ஏரியின் கரைக்கும் போகலாம். தென் அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பூவின் அழகுக்காக வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. அதன் பிறந்த நாட்டில் அதனைத் தின்னும் வண்டுகள் இருந்தன, இங்கே இல்லை. ஒரு தடை அவ்வாறு நீங்கியது. ஆயினும் தூய நீரில் அது கட்டுக்குள்தான் இருக்கும், ஏனெனில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அங்கே குறைவு. வீட்டுக் கழிவுநீரும் சோப்பு நீரும் ஏரியில் கலந்ததும் அந்த இரண்டாம் தடையும் நீங்கிவிடுகிறது. சத்து மிகுந்த நீரில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அது இரட்டிப்பாகும் என்பர். பத்து முறை இரட்டித்தால் ஒன்று ஆயிரத்திற்கு மேலாகும். ஐந்து மாதங்கூட வேண்டாம். பின்பு அதன் அடியில் வெயில் புகாது, காற்றுப் புகாது. அழுகும் இலைகள் எஞ்சிய உயிர்க்காற்றையும் உண்டுவிடும். ஓரறிவுயிர் ஒன்றிற்கு நாம் அறியாமல் அளித்த விருந்து, ஐயறிவுயிர்கள் பலவற்றின் மூச்சை நிறுத்துகிறது. ஏரியில் கழிவுநீர் விடுவது நீரைக் கெடுக்கும் குற்றம் மட்டும் என்று நினைத்திருந்தோர் இதனைக் கருத்தில் கொள்க.

அறியாமல் அளித்த விருந்து என்றோம். அறிந்து, அருளோடு அளிக்கும் விருந்தும் உண்டு. அதனைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. சிலருக்கு மனவருத்தம் தரும் என்பதனை அறிந்தே பேசுகின்றோம்.

புறாக்களுக்குத் தானியம் இடுவது நம் சமயத்தாரிடையே நெடுங்காலமாக உள்ள புண்ணியச் செயல். மும்பையில் 2025 ஜூலையில் புறாக்களுக்கு உணவிடும் இடங்களை மூட அரசு முற்பட்டதும், ஆகஸ்டில் தாதர் பகுதியில் நம் சமயத்தார் உள்ளிட்டோர் திரண்டு தார்ப்பாய் மறைப்பைக் கிழித்ததும், வழக்கு உயர்நீதிமன்றம் சென்றதும் செய்தித்தாள்களில் வந்தவை. புறா எச்சத்தின் தூசியால் நுரையீரல் நோய் வருகிறது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பசித்த உயிருக்கு உணவை மறுப்பதா என்று அன்பர்கள் கேட்டார்கள். இருதரப்பாரும் பேசாத ஒன்று, புறாவின் நலம்.

மாடப்புறா பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை. அதன் தொகைக்கு எல்லைகள் இரண்டு: கூடு வைக்கும் விளிம்பு, இரை. ஒரு முறைக்கு இரண்டு முட்டையே இடும். ஆயினும் தன் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவால் குஞ்சை வளர்ப்பதால், புழுப்பூச்சி கிடைக்கும் பருவத்திற்குக் காத்திராமல், தானியம் கிடைத்தால் ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்க வல்லது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு சன்னலின் மேலும் குளிர்சாதனப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பாறை விளிம்பு. ஓர் எல்லை நீங்கியாயிற்று. மூட்டை மூட்டையாய்த் தானியம் கொட்டினால் மற்றோர் எல்லையும் நீங்கிவிடும். பல பறவைகள் நாடெங்கும் குறைந்துவருகையில் மாடப்புறா போன்ற ஒருசிலவே செழிக்கின்றன என்று 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை கூறுகிறது. செழித்த பின் என்ன? நெருக்கம், நோய், கூட்டிலேயே மடியும் குஞ்சு. எல்லை நீங்குவதில்லை, வலி மிகுந்த இடத்திற்கு மாறுகிறது.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்து வரலாறு இங்கே பயன்படும். அந்நகரத்தார் 1961 முதல் 1985 வரை ஏறக்குறைய ஒரு இலட்சம் புறாக்களைக் கொன்றனர். தொகை குறையவில்லை, கொன்ற இடத்தை அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் நிரப்பின. இரை அப்படியே இருந்ததால் எல்லையும் அப்படியே இருந்தது. பின்னர் 1988இல் வேறு வழி எடுத்தனர். உணவிடுவதால் புறாவுக்கே வரும் தீங்கை மக்களுக்கு விளக்கி, குறித்த சில இடங்களில் குறைத்து இடச் செய்ததே அதில் தலையாயது. நான்கே ஆண்டுகளில் தொகை ஏறத்தாழ 20,000இலிருந்து 10,000 ஆயிற்று. கொலை பாவம் மட்டுமன்று, பயனற்றது என்பதற்கும் இதுவே சான்று. அளவற்ற உணவு கொடை மட்டுமன்று என்பதற்கும் இதுவே சான்று.

உடனே ஆகமம் அறிந்தோர் ஒரு தடை சொல்வர். கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டு: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். ஐந்தாவதை நாம் செய்யச் சொல்கிறோமா? நல்ல தடை. அந்த அதிசாரம் நம் கட்டுத்தறியில் நிற்கும் உயிரைக் குறித்தது. காட்டுப் புறா நம் தறியில் இல்லை. ஆனால் பல்லாண்டு தானியமிட்டுப் பழக்கிய புறா, கயிறில்லாமல் நம் தறியில் நிற்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஆகவே ஒரே நாளில் கதவடைப்பது அதிசாரத்திற்கு மிக அருகில் செல்லும். படிப்படியாகக் குறைப்பதே தக்கது. இரை குறையக் குறைய இணைகள் குஞ்சு பொரிப்பதும் குறையும். பிறந்து சாவதற்கு மாறாகப் பிறவாமல் இருக்கும். பிறவாமையின் மேன்மையை நமக்கு வேறொருவர் சொல்ல வேண்டுமோ!

மிஞ்சும் தானியத்தை என்ன செய்வது என்று கேட்போர்க்கு, முதிய மாடுகளைப் புரக்கும் கோசாலைகள் உள்ளன. பசித்த மனிதரும் உள்ளனர். சந்தையில் தொட்டியில் துள்ளும் கெளுத்தியை விலைகொடுத்து வாங்கி ஏரியில் விடும் வழக்கத்தையும் நிறுத்துதல் நன்று. அவ்வாறு உயிரோடு விற்கப்படுவது பெரும்பாலும், மத்திய அரசு வளர்க்கத் தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி. அது ஏரியிலுள்ள நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும். ஒன்றை விடுவித்த கை நூறின் மேல் பாரத்தை வைக்கிறது.

எல்லை என்னும் சொல்லை நம் புராணம் மிகப் பழைய காலத்திலேயே எடுத்துப் பேசியுள்ளது. ஸ்ரீபுராணம் படித்தோர் நினைவுகூர்க. போகபூமிக் காலத்தில் பத்துவகைக் கற்பக மரங்கள் வேண்டுவன அளித்தன. அக்காலத்துத் தம்பதியர்க்கு வாழ்நாளின் இறுதியில் ஆணும் பெண்ணுமாக ஓர் இரட்டை பிறக்கும், பெற்றோர் மறைவர். இருவர் போய் இருவர். தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வகுப்பில் வளைகோட்டின் சமமான பகுதியை வரையும்போதெல்லாம் இக்கதையே நம் நினைவுக்கு வரும். பின்னர்க் காலம் இழியக் கற்பக மரங்கள் குன்றின. மக்கள் மரத்திற்காக ஒருவரோடொருவர் பிணங்கினர். அப்போது ஐந்தாம் மனுவாகிய சீமங்கரர் இன்னார்க்கு இம்மரம் என்று எல்லை வகுத்தார். அதுவும் போதாமற்போக ஆறாம் மனுவாகிய சீமந்தரர் எல்லைக்கு அடையாளமிட்டார். சீமை என்பதற்கு எல்லை என்பதே பொருள். இருவர் பெயரும் அவர்கள் வகுத்த எல்லையால் வந்தவை. அதற்கும் பிறகே விருஷப தேவர் தோன்றி உழவு முதலிய ஆறு தொழில்களைக் கற்பித்தார். தொழில் வருவதற்கு முன் எல்லை வந்துவிட்டது என்னும் வரிசையைக் கவனியுங்கள்.

ஒரகடம் வட்டாரத்தில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறந்தது. இவற்றோடு வந்த மக்கள் பல்லாயிரவர். வேலை தந்த தொழில்களை நாம் பழிக்கவில்லை. உழவை மட்டுமே நம்பியிருந்த வீட்டுப் பெண்கள் சம்பளச் சீட்டுடன் வீடு திரும்புவதைக் காண மகிழ்ச்சியே. ஆயினும் ஏரி அதே ஏரிதான். அதன் கலங்கல் அதே மட்டத்தில்தான் உள்ளது.

மனிதன் மற்ற உயிர்களைப் போலன்றித் தன் எல்லையைத் தள்ளிவைக்க வல்லவன். இங்கே நீர் தீர்ந்தால் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவருவான். அவன் தள்ளிவைத்த எல்லை வேறோர் ஊரின் கிணற்றில் போய் இறங்குகிறது. இதற்கு நல்லதொரு மாற்றும் உண்டு. சென்னைக் கோயம்பேட்டில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நிலையம், நகரத்துக் கழிவுநீரையே நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவுக்குத் தூய்மை செய்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புவதற்காக அமைக்கப்பட்டது. அது ஏரியில் கைவைக்காமல் ஆலையின் தாகம் தீர்க்கும் வழி. இத்தகையவை இன்னும் பெருக வேண்டும்.

மக்கள்தொகை பெருகியதே எல்லாவற்றிற்கும் காரணம் என்று சிலர் எளிதில் சொல்லிவிடுகின்றனர். கணக்கு அவ்வாறு காட்டவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு தாய்க்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், நாடெங்குமுள்ள ஜைனரிடையே 1.6. தொகை நிலைபெற வேண்டுமாயின் 2.1 வேண்டும். நம் சமூகம் சுருங்குகிறதே என்று கவலைப்படுவோரின் கவலையும் நமக்குப் புரிகிறது. ஆயினும் ஏரியிடம் கேட்டால், பிறப்பைப் பற்றி அது முறையிடாது. தலைக்கு எத்துணைக் குடம், தலைக்கு எத்துணைக் குப்பை என்பதே அதன் முறையீடாக இருக்கும். பனிமானின் வயிறு ஓரளவே கொள்ளும். மனிதனின் விருப்பத்திற்கு அவ்வளவும் இல்லை. ஆதலால் மனிதனுக்கு மட்டும் தாங்குதிறன் தலையெண்ணிக்கையால் முடிவாவதில்லை.

இதனை உணர்ந்தே நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு மிகுபொருள் விழையாமையை அளவிட்டு ஏற்கச் செய்தனர். முற்றத் துறக்கச் சொல்லவில்லை. நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, பாத்திரம் இவற்றிற்கு இத்துணை என்று எண் குறிக்கச் சொன்னார்கள். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன், அங்கிருந்து எதையும் ஈட்டேன் என்னும் திசை விரதத்தையும், நுகர்பொருள்களை அளவிடும் போகோபபோக பரிமாணத்தையும் அதற்கு வேலியாக வைத்தார்கள். நீரை நெடுந்தொலைவிலிருந்து இழுக்கும் நம் காலத்தில் திசை விரதத்தின் நுட்பம் முன்னைவிட நன்றாக விளங்குகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் சென்று வந்தோர் திரைலோக்கியநாதர் ஆலயத்துக் குரா மரத்தை வணங்கியிருப்பர். தன் அளவினின்று குறைவதும் இல்லை, மிகுவதும் இல்லை என்பது அம்மரத்திற்கு உரிய பழம்புகழ். மரத்தைப் புகழ அளவில் நிற்றலைவிடச் சிறந்த குணம் முன்னோர்க்குத் தென்படவில்லை போலும்.

இனிக் கலங்கலுக்கு வருவோம். எல்லாக் கரைக்கும் தாழ்ந்த இடம் ஒன்று உண்டு என்றோம். ஏரி வெட்டியவர்கள் அவ்விடத்தைத் தாமே தேர்ந்து, கல் பாவி, வழிந்த நீர் அடுத்த ஊருக்குச் செல்லக் கால்வாயும் தந்தனர். அவ்வாறு தேரப்படாத ஏரியிலும் நீர் ஓரிடத்தில் வெளியேறத்தான் செய்யும். கரை உடைந்து, நள்ளிரவில், ஊர்மேல் வெளியேறும். சில ஊர்களில் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கிக் கூடுதல் நீரைத் தேக்குவோர் உண்டு. கீழ் ஏரிக்காரர் வந்து சண்டையிடுவர். அவர்கள் கேட்பது பிச்சையன்று, தங்கள் வரவு. நாம் சேர்த்துவைக்கும் ஒவ்வொன்றும் மணல் மூட்டையா அன்றா என்று கண்டறிய, கீழே வறண்டிருப்பது யார் ஏரி என்று பார்ப்பதே போதும்.

வரும் தசலட்சணப் பருவத்தில் பரிமாணம் எழுத விரும்புவோர்க்கு ஆசிரியை என்னும் முறையில் சில குறிப்புகள். பெரும்பாலோர் வீட்டையும் பொன்னையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அவை பலருக்கு எப்படியும் ஏறப்போவதில்லை. முதல் வரியில் தண்ணீரை எழுதுங்கள். குடக் கணக்கில் எழுதினாலும் சரி, லிட்டர் கணக்கில் எழுதினாலும் சரி, ஒரு வாரம் அளந்து பார்த்தபின் எழுதுங்கள். இரண்டாம் வரியில் சோப்பும் சலவைத்தூளும். அவை ஏரிக்குச் செல்பவை. மூன்றாம் வரியில் ஆடை. புறாவுக்கு இடும் தானியம் இருப்பின் அதற்குத் தனிவரி. இன்று எவ்வளவு, மூன்று மாதம் கழித்து எவ்வளவு என இரண்டு எண்கள். வீட்டிலுள்ளோர் அனைவரும் படிக்கும்படி பூசை அறையிலோ சமையலறையிலோ ஒட்டுங்கள். தேதி இட மறவாதீர்கள்; அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்து, அதன் பக்கத்திலேயே புதிய எண்ணை எழுதலாம்.